மேலக்கொல்லை அம்மா போட்ட சுருக்கு

நின்றால் கால் கடுக்கிறவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்தால் கால் கடுக்கிற ஒருவரோடு நான் வரப்புக்கு வரப்பு பல வருஷம் பயிர் வைத்திருக்கிறேன். எங்கள் கொல்லைக்கு மேற்கே அவர் கொல்லை. அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயரே மேலக்கொல்லை அம்மா. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் முன்னமே காலமாகிவிட்டார். மகனுக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. கொல்லையை அவர் ஒண்டியாகத்தான் பார்த்தார். செஞ்சிக்குப் போகவேண்டுமென்றால் பஸ் ஸ்டாப்பில் நிற்க மாட்டார். சும்மா நிற்கிற நேரத்துக்கு அடுத்த ஸ்டாப்புக்கு நடக்கலாமே என்று கிளம்பிவிடுவார். இரண்டு ஸ்டாப்புக்கும் நடுவில் பஸ் அவரைத் தாண்டிப் போய்விடும். கடைசியில் கோட்டை மதில் தெரிகிற வரைக்கும் நடந்தே போய்ச் சேர்ந்து, கடைக்காரரிடம் பஸ் லேட்டு என்பார். கல்யாண வீட்டில் பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். தூங்கும்போதுகூட அந்தக்கா நடந்துகொண்டுதான் இருக்கும் என்பாள் என் சம்சாரம்.

எனக்கு அது ஒன்றுதான் பொறுக்காது. நான் பத்தாவது தாண்டாதவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கொல்லையும் சாமியும். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போய், கூட்டத்தில் ஒரு மூலை பிடித்து உட்கார்ந்தால் எனக்கு மனசு அடங்கும். அந்த அம்மாவும் எங்களோடு ஸ்பெஷல் பஸ்ஸில் வருவார். கற்பூரத்தைக் கொளுத்துவார், கன்னத்தில் போட்டுக்கொள்வார், நாங்கள் உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போயிருப்பார். ஒரு தடவை கோபமாகவே கேட்டேன்.

"சாமி முன்னாடி கொஞ்ச நேரம் உட்கார்ந்தா இன்னாம்மா?"

"சாமி உட்காந்துனுதானேணா இருக்குது. நாமளும் உட்காந்துட்டா வேலைய யாரு பாக்கறது?"



காட்டுப்பன்றி எங்கள் பக்கம் புதுசு இல்லை. மலையடிப் புதரில் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, காய் பிடிக்கிற நேரம் பார்த்து இறங்கும். தின்கிறது கொஞ்சம்தான். கெடுக்கிறதுதான் அதிகம். மூக்கால் உழுதுகொண்டே போகும். காலையில் போய்ப் பார்த்தால், யாரோ ஏரைக் கோணல்மாணலாக ஓட்டிவிட்டுப் போன மாதிரி செடியெல்லாம் வேர் மேலே கிடக்கும். அந்த வருஷம் மலைக்குப் பக்கத்தில் இருந்த அவர் கொல்லைதான் முதலில் போயிற்று. எல்லோரும் சேர்ந்து மனு கொடுத்தோம். கொடுத்துவிட்டு நாங்கள் காத்திருந்தோம். அவர் காத்திருக்கவில்லை.

முதலில் புடவை. ஊரில் இருக்கிற பழைய புடவையெல்லாம் கேட்டு வாங்கி வந்து கொல்லையைச் சுற்றிக் கட்டினார். என் சம்சாரத்தின் சீமந்தப் புடவைகூட அங்கே வேலியாக ஆடிக்கொண்டிருந்தது. பன்றி ஒரு வாரம் பயந்தது, அப்புறம் புடவையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது. அடுத்தது சலூன் முடி. கோணிக்கோணியாகக் கொண்டு வந்து வரப்பில் தூவினார். மூக்கில் முடி ஏறினால் பன்றி தும்மிக்கொண்டு ஓடிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காற்றடித்து, எங்கள் கிணற்றில்தான் முடி மிதந்தது.

அப்புறம் வந்தது ஸ்பீக்கர். தன் குரலையே பதிவு பண்ணி, மெமரி கார்டில் போட்டு, மோட்டார் கொட்டாயின் மேல் கட்டிவிட்டார். சாயங்காலம் தொடங்கினால் பொழுது நன்றாக ஏறுகிற வரைக்கும் ஓடும். "ஏய் போ... போ அந்தாண்ட... போறியா இல்லியா..." நடுநடுவே எங்களுக்கே புரியாத வசவு. பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். மாமியாரோடு சண்டை போடத் தெரியாத மருமகளெல்லாம் இதைக் கேட்டுப் படித்துக்கொள்ளலாம் என்று டீக்கடையில் பேச்சு. பத்து நாளில் பன்றிக்கும் பழகிவிட்டது, எங்களுக்கும் பழகிவிட்டது. அந்தக் குரல் காதில் விழும், மனசில் விழாது.

கடைசியில் ஒரு நாள் வரப்பில் நடந்துகொண்டே என்னிடம் சொன்னார். இனிமேல் விரட்டுகிற வேலை இல்லை, பிடிக்கிற வேலைதான் என்றார். அது சட்டத்துக்கு விரோதம், பாரஸ்ட்காரர்களுக்குத் தெரிந்தால் கேஸ் ஆகிவிடும் என்றேன். அது காதில் ஏறவில்லை. சரி, சாமியைச் சொல்லிப் பார்க்கலாம் என்று, பெருமாளே ஒரு காலத்தில் பன்றி ரூபத்தில்தான் வந்தார், சிங்கவரம் மலையில் படுத்திருக்கிறவர் அவர்தானே என்றேன். அந்த அம்மா நின்றார். அவர் நிற்பதே அபூர்வம்.

"அந்தப் பன்னி பூமிய தூக்கினு வந்துச்சு. இது என் பூமிய நோண்டினு போவுது. ரெண்டும் ஒண்ணாணா?"

சொல்லிவிட்டு மறுபடி நடந்தார்.

பனமலைப் பக்கம் ஒரு லாரி டிரைவர் நாய் வைத்திருந்தார். ஒரு காலத்தில் வேட்டைக்குப் போனவர். அவரைத் தேடிப் பிடித்துக் கொல்லைக்கே இட்டுவந்தார். டிரைவர் எல்லாம் காட்டினார். இது புதுக் குளம்பு, இது பழசு. இந்தப் பாறையில் சேறு ஒட்டியிருக்கிறதே, இங்கே முதுகைத் தேய்த்துக்கொண்டு வருகிறது. புடவை வேலியில் இந்தச் சந்துதான் அதற்கு வாசப்படி. அப்புறம் வேட்டைக்காரனுக்கு வேண்டியதைச் சொன்னார். பூ வைக்கக் கூடாது, பவுடர் கூடாது, பேசக் கூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து ஓர் இடத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. சாயங்காலமே உட்கார வைத்துப் பார்த்தாராம். ஒரு பீடி முடிவதற்குள் இந்த அம்மா எழுந்து போய், பன்னி வந்துச்சாண்ணா என்று கேட்டிருக்கிறார். உன்னோட வேட்டைக்கு வந்தா பன்னி ஓடாதும்மா, நான்தான் ஓடணும் என்று சொல்லிவிட்டு டிரைவர் வண்டி ஏறிவிட்டார்.

அதை எங்கள் வீட்டு வாசலில் நின்று அந்த அம்மாவே சொல்லிச் சிரித்தார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் காட்டினார். மோட்டார் பைக் கிளட்ச் கம்பி. செஞ்சி மெக்கானிக் கடையில் கேட்டு வாங்கியது.

"எனக்கு உட்கார வராதுணா. எனக்குப் பதிலா இது உட்காந்துக்கட்டும்."

சுருக்கு மாட்டத் தானாகவே பழகினார். முதலில் மாட்டியது அவர் கால்தான். கட்டிய இடத்தை மறந்து அந்த வழியே வேகமாக நடந்து விழுந்துவிட்டார். அந்தக் கம்பி இழுக்க இழுக்க இறுகுமே தவிர, தானாகத் தளராது. என் சம்சாரம் போய்க் கட்டிங் பிளேயரால் அறுத்து எடுத்தாள். அதற்கப்புறமும் விடவில்லை. எண்ணெய் வாடை போகக் கம்பியைச் சேற்றில் ஊறப்போட்டார். சந்துக்குச் சரியாக, வேப்ப மரத்து அடியில் கட்டினார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் கட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மாட்டிச்சா, மாட்டிச்சா என்று போய்ப் போய்ப் பார்த்தார். ஆள் நடமாட்டத்தில் பன்றி வேறு பக்கமாக இறங்கியது. சுருக்கில் ஒன்றும் விழவில்லை. நான் உள்ளுக்குள் அம்மனுக்கு நன்றி சொன்னேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு சங்கதி ஒன்றைச் சொல்லவேண்டும். என் மகளுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடின. வயிற்றில் தங்கியதெல்லாம் தங்காமல் போயிற்று. ஏரிக்கரை அங்காளம்மன்தான் எங்களுக்குக் குலதெய்வம். அவள் முன்னால் விழுந்து, ஒரு குழந்தையைக் கையில் கொடு, உனக்குக் கிடா விடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மகள் மறுபடி முழுகாமல் இருந்தபோதே ஒரு கறுப்புக் குட்டி வாங்கி, அடையாளத்துக்குக் காது நுனியைக் கிள்ளி, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி விட்டுவிட்டேன். நேர்ந்து விட்ட கிடாவை யாரும் கட்ட மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள். எந்தக் கொல்லையில் வாய் வைத்தாலும் அது அவள் சாப்பிடுகிற மாதிரி. அதற்குக் குறை மட்டும் வரக் கூடாது. கொம்போ காலோ ஊனமானால் அவளுக்கு ஆகாது.

அந்தக் கிடாவுக்கு மேலக்கொல்லை மல்லாட்டைச் செடிதான் பிடித்திருந்தது. காக்காயைக்கூட விடாமல் விரட்டுகிற அம்மா, அதை மட்டும் விரட்ட மாட்டார். பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "அந்தாண்ட கொஞ்சம் போய் மேயேம்மா தாயே" என்று கெஞ்சுவார். அது ஆண் கிடா என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை.

மகளுக்கு மாசம் நிறைந்து, பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். இன்றைக்கோ நாளைக்கோ என்று நாங்கள் இருந்த ஒரு காலை. நான் குளித்துவிட்டுச் சாமி மாடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேலக்கொல்லையில் ஸ்பீக்கர் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த என் சம்சாரம் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, அந்த ஸ்பீக்கரு எப்பவும் போ போன்னுதானே சொல்லும்? இப்ப நடுவுல வா வான்னு கேக்குதே."

நானும் காது கொடுத்தேன். போ, போ என்ற பெரிய குரலுக்கு அடியில், அதே குரல் மெலிசாக, யாராச்சும் வாங்களேன் என்றது. கிடாவும் அன்றைக்குக் கழுநீருக்கு வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடினேன்.

வேப்ப மரத்தடியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் கிடா. அதன் பின்னங்காலில் கம்பி. கம்பிக்கும் காலுக்கும் நடுவில் அவருடைய இரண்டு விரல். விரல் கறுத்துப்போய், புடவையெல்லாம் ரத்தம். அது ஆட்டு ரத்தமா அவர் ரத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

மோட்டார் கொட்டாயில் கட்டிங் பிளேயர் இருக்கிறது என்று கண்ணாலேயே காட்டினார். எடுத்து வந்து கம்பியை அறுத்தேன். பிளேயர் இரண்டு தடவை வழுக்கியது. கிடா எழுந்தது, அந்தக் காலை ஊன்ற முடியாமல் தூக்கிக்கொண்டது. எனக்கு வீட்டில் படுத்திருக்கிற மகள் ஞாபகம்தான். வாயில் என்னென்னவோ வந்தது. அவரே முந்திக்கொண்டார்.

"ஆடு வரும்னு நெனச்சிருந்தா இங்க கட்டியிருப்பேனாணா? ஊர்ல இருக்கிற ஆடெல்லாம் யோசிச்சேன். எந்த ஆடும் இந்தப் பக்கம் வராதுன்னு பாத்துத்தான் கட்னேன். இத மட்டும் நெனைக்கல. இத நான் ஆடுன்னே நெனைக்கலியேணா."

சத்தியமான பேச்சு. நான் கட்டியிருந்தாலும் அதே தப்பைத்தான் செய்திருப்பேன். வாயில் வந்ததை முழுங்கிக்கொண்டேன்.

நடந்ததைப் பிறகுதான் கோவையாகச் சொன்னார். முந்தின ராத்திரி மட்டும் டிரைவர் சொன்னபடி மனசைக் கட்டிக்கொண்டு, சுருக்கைப் போய்ப் பார்க்காமல் வீட்டிலேயே கிடந்திருக்கிறார். கருக்கலில் வந்து பார்த்தால் கிடா. துள்ளத் துள்ளக் கம்பி உள்ளே போகிறது. விரலைக் கொடுத்துத் தடுத்து, அப்படியே மடியில் சேர்த்து அணைத்துக்கொண்டார். எழுந்தால் அது துள்ளும், துள்ளினால் கால் போய்விடும். கத்தினாலும் மிரண்டது. அதனால் கத்தாமல், அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அப்போதுதான் பன்றிகள் வந்திருக்கின்றன.

"தாய் ஒண்ணு, குட்டிங்க கோடு கோடா. அணில்பிள்ள மாதிரி. என் காலுக்குக் கிட்ட வந்து தின்னுதுங்க. இவ்ளோ நாளா அதுங்களோட மல்லுக்கட்டினு இருக்கேன், ஒரு நாளும் மூஞ்சிய பாத்ததில்ல. அது என்ன ஒரு பார்வ பாத்துச்சு. மடியில இருக்கறத பாத்துச்சு. அப்புறம் அது பாட்டுக்குத் தின்னுச்சு."

நீங்க இன்னா பண்ணீங்க என்று என் சம்சாரம் கேட்டாள்.

"இன்னா பண்ணுவேன்? உட்காந்துனு இருந்தேன்."

பொழுது ஏறி அவை போன பிறகுதான் மெதுவாகக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். எல்லா வீட்டிலும் கேட்டிருக்கிறது. எல்லோரும் ஸ்பீக்கர் என்று இருந்துவிட்டார்கள். ஸ்பீக்கரை நிறுத்த எழுந்து போகவும் வழியில்லை. தன் குரலே தன்னைப் போ போ என்று விரட்டுவதைக் கேட்டுக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார். நான் ஆயுசெல்லாம் சாமி முன்னால் உட்கார்ந்தவன். ஒரு நாளாவது அப்படி உட்கார்ந்திருப்பேனா என்று அன்று இரவு யோசித்தேன்.

அன்றைக்கே கம்பியெல்லாம் பிடுங்கிச் சுருட்டிக் கிணற்றில் போட்டுவிட்டார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் கிடாவுக்கு மருந்து போட்டார். கால் பிழைத்தது, ஆனால் நொண்டல் தங்கிவிட்டது. அவருக்கும் ஒரு விரல் அதற்கப்புறம் மடங்கவில்லை. மகளிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. நொண்டல் அவள் கண்ணில் படக்கூடாதென்று கிடாவைத் தங்கை வீட்டுக் கொட்டகையில் விட்டேன். மகளுக்கு வலி கண்ட ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொல்லாத மந்திரம் இல்லை. அந்த அம்மாவும் வந்திருந்தார். வராந்தாவை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அளந்துகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று நர்ஸ் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். விடிகிறபோது பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

அம்மன் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். என் வாக்குதான் நொண்டிக்கொண்டு நின்றது.

குழந்தைக்கு முதல் முடி எடுத்து, கிடாவை வெட்டிப் படைக்கிற நாளில் ஏரிக்கரைக் கோயிலில் பொங்கல் வைத்தோம். அப்போதுதான் மகள் கிடாவைப் பார்த்தாள். பூசாரி காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். யார் செய்தது என்று அவர் கேட்பதற்குள், கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த அந்த அம்மா, "நான்தான், என் சுருக்குதான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். என் பங்காளி ஒருவன், பொம்பளைக்கு இன்னாத்துக்கு வேட்டை என்று முணுமுணுத்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூசாரி யோசித்தார். குறையுள்ளது ஆகாதுதான், ஆனாலும் அது அவளுக்கு என்று விட்டது, அவளையே கேட்டுவிடுவோம் என்றார். மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் தலையிலும் முதுகிலும் ஊற்றினார். உடம்பைச் சிலுப்பி உதறினால் அவள் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். சாதாரணமாக, தண்ணீர் பட்டதும் எந்தக் கிடாவும் உதறும்.

இது உதறவில்லை.

மறுபடி ஊற்றினார். தண்ணீர் வழிந்து தாடியில் சொட்டியது. கிடா அப்படியே நின்றது. உடுக்கை அடித்தவர் வேகத்தைக் கூட்டினார். வெயில் ஏறியது. குழந்தை அழுதது. நான் கையைக் கூப்பிக்கொண்டு, எடுத்துக்கோ தாயே, எடுத்துக்கோ என்று நெஞ்சுக்குள் கெஞ்சினேன். அவள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்ற பயம். அந்த அம்மாவைப் பார்த்தேன். முன்னால் வந்து, கிடாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு, ஒரு அடி நகராமல் நின்றிருந்தார்.

மூன்றாம் சொம்பும் ஆயிற்று. பூசாரி சொம்பைக் கீழே வைத்தார்.

"அவளுக்கு வாணாமாம். வுட்டுடுங்க."

கோபமா தாயே, என்னிடம் கோபமா என்றுதான் வாயில் வந்தது. என் மகள் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"ஏன் நைனா கோவம்ன்ற? ஒண்ண குடுத்துட்டா. இன்னொண்ண எடுக்காம வுட்டுட்டா. அவ்ளோதான்."

பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் சொல்கிறாள். ஆனாலும் என் மனசு இன்றைக்கு வரைக்கும் முழுசாக அடங்கவில்லை. அம்மன் மன்னித்தாளா, வேண்டாமென்று தள்ளினாளா, அமாவாசைக்கு அமாவாசை அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன்.

அந்த அம்மா பூசாரியைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப இது இனிமே யாருது?"

அவளுக்குன்னு விட்டது அவளுதுதான், சாகிற வரைக்கும் அவளுது, யாரும் தொடக் கூடாது என்றார் பூசாரி.

"அப்ப என் கொல்லையிலயே மேயட்டும். இந்த வருசம் மல்லாட்ட பூரா அதுக்குத்தான்."

பங்காளி சிரித்தான். பன்றிக்கு ஒரு செடி விடாமல் ஊரையே கத்தி எழுப்பிய ஆள் சொல்கிற பேச்சு அல்லவா. அவர் அதைக் கவனிக்கவில்லை. பொங்கல் இன்னும் இறக்கவில்லை, இலை போடவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட நின்ற கிடாவின் கழுத்துத் துணியைச் சரிபண்ணினார். பிறகு ஏரிக்கரை மேல் ஏறி, அது நொண்டுகிற அளவுக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, முன்னால் நடந்தார்.